அஜீசா வீட்டு ஆறு அறைகள்

ரமாபாய் கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் அதன் எடையைச் சொல்வாள். பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்து பார்க்கப் போனால், மூக்கு யாரைப் போல, நிறம் யாரைப் போல என்று மற்றவர்கள் ஆராய்ந்துகொண்டிருக்க, இவள் பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்தி மெல்ல அசைத்துப் பார்த்துவிட்டு “மூணேகால்” என்பாள். ரேஷன் அரிசிப் பையைத் தூக்கியதும் உதட்டைப் பிதுக்கி “முக்கா கிலோ அமுக்கிட்டான்” என்பாள். மகள் சங்கமித்ரா கல்லூரிக்குப் போன முதல் நாள் அவள் பையைத் தோளில் மாட்டிவிட்டபோதும் அதேதான். “அஞ்சுகூட வராது. படிப்பு ஒண்ணும் அவ்ளோ பாரம் இல்ல போல” என்றாள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அவர்கள் படிக்கட்டில் ஏறி இறங்குகிற எல்லாருக்கும் இது சிரிப்பு. சங்கமித்ராவுக்கு மட்டும் ரொம்ப காலம் கூச்சமாக இருந்தது.

தொழிலில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. ரமாபாய் குருவி. வண்ணாரப்பேட்டையில் நைட்டியும் பாவாடையும் ஜாக்கெட் துணியும் வாங்கி மூட்டை கட்டி, விமானத்தில் கொழும்புக்குக் கொண்டுபோய்க் கடைகளில் போட்டுவிட்டு, வரும்போது பட்டையும் கிராம்பும் சோப்பும் கொண்டுவருகிறவர்களுக்கு வடசென்னையில் அந்தப் பெயர்தான். அனுமதித்த எடைக்கு மேல் கொஞ்சம் ஏறினாலும் அந்த நடையின் லாபம் விமான நிலையத்துக் கவுண்டரிலேயே போய்விடும். ஆகவே கைதான் தராசு.

அவளுடைய கணவர் குணசேகரன் மணலியில் டேங்கர் லாரி ஓட்டியவர். சங்கமித்ராவுக்கு நடை பழகிய வயதில், டேங்கைக் கழுவ உள்ளே இறங்கியவர் ஏறி வரவில்லை. அவர் எங்கள் ஆளில்லை, கான்ட்ராக்டர் ஆள் என்றது கம்பெனி. என் ஆளில்லை, லாரிக்காரன் ஆள் என்றான் கான்ட்ராக்டர். லாரிக்காரன் போனை எடுக்கவே இல்லை. ரமாபாய் கொஞ்ச நாள் அலைந்து பார்த்தாள். பிறகு ஒரு நாள், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மனிதனோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன் போலிருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு, முதல் மூட்டையைத் தூக்கினாள்.

கொழும்புக்குப் போகிற குருவிகள் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே எங்காவது படுத்து எழுந்து வந்துவிடுவார்கள். அப்படித்தான் நீர்கொழும்பில் அஜீசாவின் வீடு அவளுக்குக் கிடைத்தது. கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, கீழே மூன்று மேலே மூன்று என்று ஆறு அறைகள். வெள்ளைக்காரர்கள் வந்து தங்கி, மீன் சாப்பிட்டு, தோல் சிவந்து போவார்கள். அஜீசாவும் கணவனை இழந்தவள். சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு பாயைப் போட்டு ரமாபாய்க்கு இடம் கொடுத்தாள். அறையில் படுக்கச் சொன்னால் ரமாபாய் கேட்கமாட்டாள். அறை விருந்தாளிக்கு, நான் மூட்டைக்காரி என்பாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நல்ல வார்த்தை பேசி சங்கமித்ரா கேட்டதில்லை. உப்புப் போடத் தெரியாதவள் என்று இவள் சொல்ல, நைட்டிக்குச் சாயம் நிற்காதவள் என்று அவள் சொல்ல, போனில் வாராவாரம் சண்டைதான். சண்டை இல்லாத வாரம் ரமாபாய்க்குச் சாப்பாடு இறங்காது.

அந்த வீடு எழுந்து நிற்கப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து ஏதோ ஒன்று வந்து அதன் முழங்காலில் அடித்தது. முதலில், ஈஸ்டர் அன்று மாதா கோவிலில் குண்டு வெடித்தது. செய்தவர்களுக்கும் அஜீசாவுக்கும் ஒரே மதம் என்பது தவிர ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் தெருவில் அவளோடு பேச ஒருவரும் இல்லாமல் போனார்கள். அறைகளுக்கு ஆளும் இல்லாமல் போனது. அது ஆறுவதற்குள் நோய் வந்து உலகத்தையே பூட்டியது. பூட்டு திறக்கப் போகிற நேரத்தில், யாரோ ஒரு நாட்டுக் கொடியோடு, இன்னொரு நாட்டு முதலாளியின் சரக்கை ஏற்றிக்கொண்டு, வேறெங்கோ போகவேண்டிய ஒரு கப்பல் அவர்கள் கரைக்கு முன்னால் நின்று எரிந்தது. அஜீசா அனுப்பிய படத்தில் கடற்கரை முழுக்க ஜவ்வரிசி கொட்டியது போல வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் மணிகள். ஆமைகள் செத்து ஒதுங்கிக் கிடந்தன. மீனை யாரும் வாங்கவில்லை. அந்தக் கப்பல் யாருடையது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு ஊரைக் கைகாட்டினார்கள் என்று அஜீசா சொன்னபோது, ரமாபாய் மணலிக் கம்பெனியைப் பெயர் சொல்லித் திட்டினாள்.

இரண்டு வருஷம் கழித்து எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படிந்தபோது அதே அஜீசா இங்கே போன் போட்டாள். குடியிருப்புக்கு மீன் கொண்டுவரும் கோவிந்தம்மாவின் கைகள் முழங்கை வரை கறுத்திருந்தன. தேங்காயெண்ணெய் தேய்த்தாலும் போகவில்லை. இங்கேயும் அந்த எண்ணெய் எங்களுடையதில்லை என்றுதான் முதலில் எல்லாரும் சொன்னார்கள்.

சங்கமித்ரா பொருளாதாரம் படித்தவள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். ‘சிறிய நாடுகளின் பொருளாதாரமும் சுற்றுலாவும் புற அதிர்ச்சிகளால் எளிதில் பாதிக்கப்படுகின்றன’ என்று பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். அப்போது அது அழகான வாக்கியமாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அதிர்ச்சி என்றால் அது ஏதோ மழை மாதிரி தானாக வந்து விழுகிறது போல. அனுப்பியவன் பெயர் அந்த வாக்கியத்தில் எங்கேயும் இல்லை. தன் அப்பாவையும் ஒரு புற அதிர்ச்சி என்றுதானே எழுதியிருப்பார்கள்? இத்தனை வருஷம் படித்து இந்த வாக்கியத்தை எழுதத்தான் கற்றுக்கொண்டோமா என்று நினைப்பாள். பிறகு, அந்தப் படிப்பு இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே வந்திருக்காது என்றும் நினைப்பாள். இரண்டும் சரியாகவே பட்டன.

கப்பல் எரிந்ததற்கு மறு வருஷம், இலங்கை திவாலானபோது, ரமாபாய் அங்கே மாட்டிக்கொண்டாள். விற்ற துணிக்குப் பதிலாகக் கடைக்காரர்கள் கொடுத்த பணத்துக்குக் காகித மதிப்புக்கூட இல்லை. விமானம் எப்போது பறக்கும் என்று தெரியவில்லை. அஜீசாவோடு சேர்ந்து பெட்ரோல் வரிசையில் போய் நின்றாள். அஜீசா வீட்டில் அப்போது ஒரே ஒரு வெளிநாட்டுத் தம்பதி தங்கியிருந்தார்கள். அவர்களை விமான நிலையத்தில் விடத்தான் அந்தப் பெட்ரோல்.

வரிசை கடலோரச் சாலை முழுக்க வளைந்து வளைந்து போனது. ஒரு முதியவர் வண்டியின் மேலேயே சாய்ந்து விழுந்தார். ரமாபாய் போனை எடுத்துப் பிடித்தாள். தன்னோடு மூட்டை தூக்குகிற பெண்கள் தெரியாமல் கிளம்பி வந்து மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, வியாசர்பாடிக் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவுக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். “பாருங்க ஜனங்களே, ஊரே ரோட்ல கீது. கரண்ட் இல்ல, கேஸ் இல்ல, மருந்து இல்ல. யாரும் இங்க வந்துடாதீங்க. வந்தா மாட்டிக்குவீங்க.” அவ்வளவுதான் அதில் பேசினாள். அதைப் பார்த்து நான்கு பெண்கள் பயணத்தை நிறுத்திக்கொண்டார்கள். பிறகு அவளை வாழ்த்தினார்கள்.

மறுநாளே அவளுக்குக் காய்ச்சல். டெங்கு. உடம்பு கொதித்து, ஈறில் ரத்தம் கசிந்தது. பக்கத்து வீட்டு ஆட்டோ நின்றது, பெட்ரோல் இல்லை. அஜீசா யோசிக்கவே இல்லை. விருந்தாளிகளுக்காக வைத்திருந்த பெட்ரோலை அதில் ஊற்றி ரமாபாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். விருந்தாளிகள் விமானத்தைத் தவறவிட்டார்கள். ஊருக்குப் போய், இந்த வீட்டில் தங்காதீர்கள் என்று இணையத்தில் நீளமாக எழுதினார்கள். ரமாபாய் பிழைத்து எழுந்து, தன் காதிலிருந்ததைக் கழற்றி நீட்டியபோது அஜீசா அதைப் பார்க்கவும் இல்லை.

“எனக்கு இது என்னத்துக்கு? உன்னால எனக்கு ஆள் போச்சு. ஆளக் கொண்டு வா. ஆறு ரூமும் நிறையிற மாதிரி ஒருக்காக் கொண்டு வந்து நிறுத்து. அண்டைக்குச் சரியாகும்.”

“நிறுத்தறேன்” என்றாள் ரமாபாய்.

அந்தச் சொல்லோடுதான் ஊர் திரும்பினாள். அதன் பிறகு அவள் தூக்கிய ஒவ்வொரு மூட்டையும் அதற்கு மேல்தான் ஏறி உட்கார்ந்தது. மூன்று வருஷத்தில் அந்த நாடு மெல்ல எழுந்தது. வரிசைகள் போயின. விமானங்கள் நிறைந்து இறங்கின. அஜீசா வங்கியில் கடன் வாங்கி வெள்ளையடித்து, ஒழுகிய கூரையை மாற்றினாள். ஆனால் பழைய கடனோடு புதியதும் சேர்ந்து கழுத்தை நெருக்கியது. அறைகளுக்கு ஆள் வருகிறார்கள் என்று காட்டினால் தவணையைத் தள்ளிப் போடுகிறோம், இல்லாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும் என்று வங்கி சொல்லிவிட்டது.

அப்போதுதான் ரமாபாய்க்கு அந்த யோசனை தோன்றியது. குடியிருப்பில் பௌத்தச் சங்கம் ஒன்று இருக்கிறது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டில்லிபாபு அதன் செயலாளர். அனுராதபுரத்துப் போதி மரத்தை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்று சங்கத்தில் வருஷாவருஷம் பேசுவார்கள், வருஷாவருஷம் கலைந்துவிடுவார்கள். அசோகரின் மகள் சங்கமித்ரா இங்கிருந்து அந்தக் கிளையைக் கொண்டுபோனாள் என்று சொல்லித்தான் ரமாபாய் தன் மகளுக்கு அந்தப் பெயரை வைத்திருந்தாள். ஆடிப் பௌர்ணமிக்குப் பதினெட்டுப் பேர் போவோம், நீர்கொழும்பில் அஜீசா வீட்டில் தங்கி, அங்கிருந்து போய்வருவோம், போனவர்கள் வந்து சொன்னால் அடுத்த பௌர்ணமிக்கு இன்னொரு கூட்டம் தானாகச் சேரும் என்றாள்.

செலவு என்றதும் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அதற்கும் வழி சொன்னாள். ஆளுக்கு ஒரு மூட்டை துணி கொண்டுவர வேண்டியது, அதை விற்கிற லாபத்தில் பாதி டிக்கெட் கழிந்துவிடும். டில்லிபாபு சிரித்துவிட்டார். “புத்தரப் பாக்கப் போற எங்கள குருவி ஆக்கப் பாக்கறியாக்கா?” சிரித்தபடியே பெயர் கொடுத்தார். ஒருவன் மட்டும் எதிர்த்தான், பாரி. சட்டக் கல்லூரியில் படிக்கிறவன்.

“நம்ம ஜனத்தக் கொன்னுப் போட்ட மண்ணு அது. அங்க போயி துட்டு செலவு பண்ணுவியாக்கா?”

“கொன்னவன் வூட்லயாடா தங்கப் போறேன்? அஜீசா ஜனத்தையும் அடிச்சவன் கீறான் அங்க. அடிவாங்கினவ வூட்ல தங்கப் போறேன். நீ வந்து பாத்துட்டு அப்பறம் சண்டை போடு.”

சண்டை போடத்தான் வருகிறேன் என்று சொல்லிப் பாரியும் பெயர் கொடுத்தான். பதினெட்டு நிறைந்தது.

சங்கமித்ரா அப்போது ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் பக்தவச்சலம் என்பவர் நடத்துகிற பயண அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். டிக்கெட் அங்கேயே போடுவதென்று பேச்சு. அவள் அம்மாவிடம் ஒன்றுதான் சொன்னாள், அஜீசாவுக்குக் கொஞ்சமாவது முன்பணம் அனுப்பிவிடு என்று. ரமாபாய்க்குக் கோபம் வந்துவிட்டது. மூட்டைக்காரர்களுக்குள் முன்பணம் கொடுப்பதென்றால் உன்னை நம்பவில்லை, நீயும் என்னை நம்பாதே என்று சொல்வதற்குச் சமம். இருபது வருஷமாக அவள் சரக்கு வாங்கியதும் விற்றதும் வாய்ச்சொல்லில்தான். அஜீசாவும் கேட்கவில்லை. அந்த வாரத்துக்கு அறை கேட்டு வந்த ஒரு ஜெர்மன் கூட்டத்தை, வீடு நிறைந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினாள். வங்கியில் போய், சென்னையிலிருந்து மாதாமாதம் கூட்டம் வரப்போகிறது என்று சொல்லித் தவணை வாங்கினாள். அவள் கையில் அதற்கு ஆதாரமாக இருந்தது ரமாபாயின் சொல் மட்டும்தான்.

பயணத்துக்குச் சில வாரம் முன்பு மேற்கே எண்ணெய் நாடுகளில் குண்டு விழ ஆரம்பித்தது. யாரோ யாரையோ அடித்தார்கள், யாரோ பதிலுக்கு அடித்தார்கள். அதற்கும் நீர்கொழும்பின் ஆறு அறைகளுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் பெட்ரோல் கிடைக்காமல் போகுமோ என்ற பேச்சு எல்லா ஊரிலும் கிளம்பியது. அந்தப் பேச்சுக்கு ஒரு படம் தேவைப்பட்டது. படம் எங்கிருந்தோ வந்தது.

முதலில் பார்த்தவள் சங்கமித்ராதான். தன் அலுவலகத்தின் முகநூல் பக்கத்திலேயே பார்த்தாள். ‘இலங்கை போகிறீர்களா? சிக்கிக்கொண்ட சென்னைப் பெண்ணின் கதறல்’ என்று தலைப்பு. கீழே கடலோரச் சாலை, வளைந்து போகும் வரிசை, சாய்ந்து விழுகிற முதியவர். மேலே அம்மாவின் குரல். யாரும் இங்க வந்துடாதீங்க. தேதி இல்லை.

பக்தவச்சலம் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

“சார், இது மூணு வருஷத்துக்கு முந்தினது. இதுல பேசறது எங்கம்மா.”

“அப்படியா? நல்லா பேசறாங்களே. நேத்துலேர்ந்து நிக்காம ஓடுது.”

“தேதி போட்டிருக்கணும் சார்.”

“தேதி போட்டா எவம்மா பாப்பான்? நான் எடுக்கல. எனக்கு வந்துச்சு, போட்டேன். அதுல பொய் எதுனா கீதா சொல்லு. க்யூ பொய்யா? உங்கம்மா பொய்யா?”

அவள் எடுக்கச் சொன்னாள். அவர் உடனே எடுத்துவிட்டார், சிரித்தபடி. அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது, இனி அது எங்கள் பக்கத்தில் இல்லை என்றார். அதுதான் அவளைக் கொதிக்கவைத்தது. எங்கள் ஆளில்லை, எங்கள் கப்பலில்லை, எங்கள் எண்ணெயில்லை, எங்கள் பக்கத்தில் இல்லை. பிறகு, ஏதோ ஆறுதல் சொல்வது போல, உங்கள் குடியிருப்பு ஆட்களிடம் நானே பேசுகிறேன், தாய்லாந்துக்கு மலிவாக ஒரு பேக்கேஜ் இருக்கிறது, அங்கேயும் புத்தர்தானே, நீயே டிக்கெட்டைப் போட்டுவிடு என்றார். சங்கமித்ரா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கல்மண்டபம் பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான், அந்த மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது. அவள் பிடிக்க வேண்டிய பஸ் இரண்டு போய்விட்டது.

குடியிருப்பில் செய்தி அவளுக்கு முன்னால் வந்திருந்தது. சாயங்காலம் தண்ணீர் வருகிற நேரம். குடங்களுக்கு நடுவில் ரமாபாய் நின்றிருந்தாள், எதிரே டில்லிபாபு. அவரைச் சுற்றிப் பெயர் கொடுத்தவர்கள்.

“உன் வாய்தானேக்கா அது? நீயேதான வராதீங்கன்னு சொல்லிகினு கீற?”

“என் வாய்தான். அப்ப சொன்னது.”

“அப்ப ஒண்ணு, இப்ப ஒண்ணா?”

“அப்ப உன் தலையில முடி இருந்துச்சு டில்லி. இப்ப கீதா?”

எல்லாரும் சிரித்தார்கள். டில்லிபாபுவே தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் பழையபடி தரையைப் பார்த்தார்கள். ஒரு பெண், மூட்டை வேறு தூக்கச் சொல்கிறாய், உள்ளே என்ன இருக்குமோ, பிடித்து வைத்துக்கொண்டால் யார் கேட்பார்கள் என்று முணுமுணுத்தாள். ரமாபாய் அவளைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் பிறந்த எடை சொன்னவள் ரமாபாய்தான். குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க அவள் ஒவ்வொரு படிக்கட்டாக ஏறினாள். அஜீசாவின் தெருவை அன்றன்று எடுத்து அனுப்பச் சொல்லி எல்லாருக்கும் காட்டினாள். பெட்ரோல் பங்க் காலியாக இருந்தது. ஆட்டோக்கள் ஓடின. ஒரு நாய் படுத்திருந்தது. பார்த்தவர்கள் சரி சரி என்றார்கள். தன் முகத்தைக் காட்டி, நான்தான் அந்த வீடியோவில் பேசியவள், அது பழசு, என்று புதிதாக ஒன்று எடுத்து அனுப்பினாள். அதைக் கடைசிவரை பார்த்தவர்கள் குறைவு. ஊர் நன்றாக இருக்கிறது என்பதை யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை. அஞ்சுவதற்கு எதுவும் இல்லாத படத்தில் பார்க்க என்ன இருக்கிறது? ஒரு படிக்கட்டில் ஒருவர் பின்வாங்கினால் மறுநாள் அந்தப் படிக்கட்டே பின்வாங்கியது. பக்தவச்சலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பளபளக்கும் படங்களோடு வந்து சங்கக் கூடத்தில் உட்கார்ந்து பேசினார். டில்லிபாபு ரமாபாயின் முகத்தைப் பார்க்காமல் பேர் கொடுத்தார்.

பாரி மட்டும் மாறவில்லை. வீட்டு வாசலில் வந்து நின்று, சொன்னால் சொன்னதுதான் என்றான். ஆக, ரமாபாய், சங்கமித்ரா, பாரி. மூன்று பேர்.

“அம்மா, அவங்களுக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லிடு” என்றாள் சங்கமித்ரா. “இன்னும் பத்து நாள் இருக்கு. வேற ஆளைப் பிடிப்பாங்க.”

“போன்ல சொல்றதா? நிறுத்தறேன்னு நேர்ல நின்னு சொன்னேன். இல்லன்னும் நேர்ல நின்னுதான் சொல்லணும். போன்ல சொல்றவ ஓடிப்போறவ.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ரமாபாய் கேட்கவில்லை. வாராவாரம் வருகிற அஜீசாவின் போனை எடுத்து வழக்கம்போலச் சண்டை போட்டாள். எத்தனை கிலோ அரிசி வாங்கட்டும் என்று அஜீசா கேட்டதற்கு, உனக்குத் தெரியாதா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். தான் பேசிவிடலாமா என்று சங்கமித்ரா இரண்டு முறை அஜீசாவின் எண்ணை எடுத்தாள். அது அம்மாவின் சொல், அதை நான் எப்படி முறிப்பது என்று வைத்துவிட்டாள். குருவிகளின் நியாயத்தைப் புரிந்துகொள்கிறோம் என்று நினைத்தாளா, அம்மாவுக்குப் பயந்தாளா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

நீர்கொழும்பில் இறங்கியபோது அஜீசா வாசலில் நின்றிருந்தாள். வாசலில் மாவிலை கட்டியிருந்தது. இந்துக்கள் வந்தால் கட்டுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், பௌத்தர்களுக்கும் அதுதானோ என்று கட்டியிருக்கிறாள். மூன்று பேரையும் பார்த்துவிட்டு அவர்களுக்குப் பின்னால், தெரு முனையைப் பார்த்தாள்.

“மத்தாக்கள் வேற வேன்ல வாறாங்களா?”

ரமாபாய் மூட்டையைத் தரையில் வைத்தாள். “யாரும் வரல. நாங்க மட்டும்தான். சொல்லத்தான் வந்தேன்.”

அஜீசா உள்ளே போனாள். சங்கமித்ரா பின்னால் போய்ப் பார்த்தாள். ஆறு அறைகளிலும் புது விரிப்பு போட்டிருந்தது. சமையலறையில் பெரிய அண்டாவில் சோறு. அஜீசா அதன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். பிறகுதான் திரும்பினாள்.

“எப்ப தெரியும் உனக்கு?”

“பத்து நாளு கீது.”

“பத்து நாள். அந்த ஜெர்மன்காரங்கட நம்பர் என்னட்ட இருந்திச்சே ரமா. ஒரு போன் போட்டிருக்கலாமே.”

ரமாபாய் நேரில் சொல்லவேண்டும் என்று நினைத்ததைச் சொன்னாள். அந்தச் சமையலறையில் அது எவ்வளவு சிறியதாகக் கேட்டது என்பதை சங்கமித்ரா மறக்கவில்லை. அஜீசா கத்தவில்லை.

“குண்டு வச்சவன் என்னட்டக் கேட்டு வைக்கேல்ல. கப்பல்காரன் கேக்கேல்ல. நீயாவது கேட்டிருக்கலாம்.”

அந்த மூன்று நாளும் அவள் அதற்கு மேல் பேசவில்லை. சோறு தெருவுக்குப் போனது. ரமாபாய் பாத்திரங்களைக் கழுவினாள், விரிப்புகளை மடித்து வைத்தாள். சமையலறைப் பக்கத்துப் பாயில் படுக்கப் போனபோது, பாய் அங்கே இல்லை, மேலே அறையில் படுத்துக்கொள் என்று மட்டும் அஜீசா கையைக் காட்டினாள். விருந்தாளிகளுக்கான அறை. ரமாபாய் அன்று இரவு முழுக்க உட்கார்ந்தே இருந்தாள். அனுராதபுரத்துக்குப் பாரியும் சங்கமித்ராவும் மட்டும் போய்வந்தார்கள். போதி மரத்தடியில் கூட்டம் நெரிந்தது. சங்கமித்ராவால் கும்பிட முடியவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று யோசித்துக்கொண்டே நின்றாள். குண்டு போட்டவர்கள் மேலா, தேதி இல்லாமல் வீடியோவைப் போட்டவர் மேலா, தரையைப் பார்த்தவர்கள் மேலா, நேரில்தான் சொல்வேன் என்ற அம்மா மேலா? எல்லார் மேலும் வந்தது. ஆனால் சமமாக வரவில்லை. தூரத்திலிருந்து தள்ளிவிட்டவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. தள்ளாடும்போது ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டவர்கள் மட்டும் முகம் பார்க்க முடியாமல் இருந்தார்கள்.

வங்கி இன்னொரு தவணை தரவில்லை. ஆவணி முடிவதற்குள் வீடு கைமாறியது. அஜீசா கடற்கரையில் ஒரு பெரிய ஹோட்டலின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். ரமாபாய் அதற்குப் பிறகும் மூட்டை தூக்கினாள், விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்தே விடியும்வரை காத்திருந்து திரும்பினாள். ஆள் சேர்க்கிற பேச்சைக் குடியிருப்பில் இரண்டு முறை எடுத்தாள், யாரும் காது கொடுக்கவில்லை. தாய்லாந்து போய்வந்தவர்கள் படம் காட்ட வந்தால் எழுந்து போய்விடுவாள். பொங்கலுக்கு முந்திய வாரம், வியாசர்பாடி ஜீவா ரயில் நிலையத்தின் படியில் மூட்டையோடு ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதுமே சங்கமித்ரா அஜீசாவுக்குப் போன் செய்தாள். இந்த முறை தாமதிக்கவில்லை. அந்தப் பக்கம் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. அஜீசா வெகுநேரம் அழுதாள், சண்டைக்காரி, சண்டைக்காரி என்று சொல்லிச் சொல்லி. அழுகை அடங்கியதும், அம்மா உங்களுக்குத் தரவேண்டியதை நான் தந்துவிடுகிறேன், எப்படி என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள் சங்கமித்ரா.

“அது உங்கட அம்மாட கடன், மகள். உன்னட்டக் கேக்க மாட்டன். தீந்து போச்செண்டும் சொல்ல மாட்டன்.”

யாரோ அவளை உள்ளே கூப்பிட்டார்கள். வைக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வரவேண்டியவர்கள் பதினெட்டுப் பேர். போனவர்கள் மூன்று பேர். பதினைந்து பேர் பாக்கி.